சுவடி எழுத்தில் புள்ளியும் கோடும் வெளியும்

வடிவமைப்பின் அடிப்படைக் காட்சிக்கூறுகளாகப் புள்ளி, கோடு, வடிவம், வெளி, வண்ணம், மேற்பரப்புத் தன்மை ஆகியவற்றைக் கொள்வது வழக்கு. ஓவியர் காண்டின்ஸ்கி 1926-இல் வெளியிட்ட நூல் புள்ளியில் தொடங்கிக் கோட்டையும் தளத்தையும் ஆராய்ந்தது. இக்கூறுகள் பெரிதும் ஓவியம், கட்டடம், விளம்பரம் ஆகியவற்றைக் கொண்டே விளக்கப்படுகின்றன. ஓலைச்சுவடியின் எழுத்தையும் இவற்றின் வழி நோக்க இடமுண்டு. ஓவியத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் அழகு குன்றலாம். எழுத்தில் விடுபட்டால் சொல்லே மாறும்.

தொல்காப்பிய நூன்மரபு மெய்யெழுத்திற்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி விதிக்கிறது. மகரக் குறுக்கத்திற்கு உட்புள்ளி கூறுகிறது. (முப்பாற்புள்ளி என்னும் ஆட்சி தனி ஆய்வுக்குரியது.) புள்ளிக்கெனத் தனி ஒலி இல்லை, அது நிற்கும் இடமே அதன் பொருளை வரையறுக்கிறது. மேலும், இம்மூன்று இடங்களிலும் அது செய்யும் பணி குறைத்தலே. மெய்யில் அகர ஒலியை நீக்குகிறது. எகர ஒகரங்களில் நெடிலைக் குறிலாக்குகிறது. மகரத்தில் மாத்திரையைச் சுருக்குகிறது. எனவே புள்ளியை எழுதாது விட்டால் எழுத்து தன் நிறைவடிவில் நின்றுவிடும். எங்கே குறைத்துப் படிப்பது என்பது படிப்பவர் பொறுப்பாகும்.

சுவடிகளில் நிகழ்ந்தது இதுவே. அவற்றில் புள்ளி பொதுவாக இடப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ‘கர’ என்பதைக் கர, கர், கா எனப் படிக்கலாம். கொம்பு, ககரம், கால் என்னும் மூன்று குறிகளின் தொடரோ கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு ஒலிப்புகளுக்கு இடந்தரும். யாப்பும் பொருளும் துணைநிற்பினும் பாடவேறுபாடுகள் பல இங்கிருந்தே கிளைத்தன.

புள்ளி குத்தினால் எழுத்தாணி ஓலையைத் துளைக்கும் என்பது இதற்குப் பெருவழக்காகக் கூறப்படும் காரணம். இது முழு விளக்கம் ஆகாது. கல் துளைபடும் என்னும் அச்சம் இல்லாத சோழர் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆனால் அவற்றிற்கு முற்பட்ட பல்லவர் காலப் பொறிப்புகள் சிலவற்றில் புள்ளி உண்டு. எழுதுபொருளின் இயல்போடு, மொழியறிந்தவர் தாமே நிரப்பிக்கொள்வர் என்னும் எழுத்துப் பழக்கத்தையும் காரணமாகக் கொள்வதே பொருந்தும்.

கோட்டைப் பற்றியும் இவ்வாறே கூறுவர். ஓலையின் நரம்புப் போக்கில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். ஆதலால் எழுத்து வளைந்தது என்பது அக்கூற்று. க, ச, ட ஆகியவற்றின் கிடைக்கோடுகள் ஓலையிலும் நிலைத்திருப்பதை நோக்க, இதனையும் அளவோடு கொள்ள வேண்டும். எழுத்தாணியின் கோடு தானே புலப்படுவதன்று. கீறலில் விளக்குக்கரி முதலியன தடவிய பின்னரே அது கண்ணுக்குத் தெளிகிறது. இங்கு வண்ணம் அணியன்று, படிப்பதற்குரிய கருவி.

வெளியின் நிலை வேறு. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி இடம் விடப்பட்டது, சொற்களுக்கிடையே விடப்படவில்லை. சொற்பிரிப்பும் படிப்பவர் கையிலேயே இருந்தது.

அச்சு வந்தவுடன் இவை மாறிவிடவில்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ உள்ளிட்ட 16-ஆம் நூற்றாண்டு நூல்கள் சுவடி வழக்கையே பெரிதும் பின்பற்றின. எகர ஒகரச் சீர்திருத்தம் வீரமாமுனிவர் (1680–1747) பெயரால் அறியப்படுகிறது. அது காட்சிக்கூறு நோக்கில் ஒரு தலைகீழ் மாற்றமாகும். முன்பு குறிலைக் காட்டப் புள்ளி வேண்டியிருந்தது. இப்போது நெடிலைக் காட்டக் கோடோ சுழியோ சேர்ந்தது. குறைத்தலைக் காட்டிய புள்ளியின் இடத்தை மிகுதலைக் காட்டும் கோடு பெற்றது. மெய்யின் மேல் மட்டும் புள்ளி தன் பழம்பணியில் நீடித்தது.

இன்றைய பதிப்புகளில் மெய்தோறும் புள்ளியும் சொல்தோறும் வெளியும் உள்ளன. சுவடியில் இல்லாத இவை பதிப்பாசிரியரின் முடிவுகள். அச்சிலோ மூலத்தின் பகுதிகளாகவே தோன்றுகின்றன. பாடவேறுபாட்டுப் பட்டியல்கள் சொல் வேறுபாடுகளைத் தருகின்றன. புள்ளியிட்டதால் மட்டும் எழுந்த வேறுபாடுகளைத் தனியே காட்டுவது அரிது. ஐயத்திற்குரிய இடங்களிலேனும் சுவடியின் குறித்தொடரைப் புள்ளியின்றி, பிரிப்பின்றி அடிக்குறிப்பில் தந்தால், பதிப்பாசிரியர் கொண்ட பாடத்தோடு அவர் கொள்ளாத பாடங்களையும் ஆய்வாளர் காண இயலும்.