ஆஞ்சியோவுக்குப் பின் துடிக்கும் வீக்கம்

தல்லாகுளத்தில் ஸ்கேன் பார்க்கும் டாக்டர் நான். ஸ்கேன் என்றால் வயிற்றுப் பிள்ளையும் பித்தப்பைக் கல்லும்தான் என்று நினைப்பவர்களே இங்கு அதிகம். ஆஞ்சியோ செய்துகொண்டவர்களுக்கும் அது தேவைப்படலாம்.

மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை அவர் மகள் அழைத்து வந்தார். "ஆஞ்சியோ முடிஞ்சு நாலு நாளாச்சு டாக்டர். தொடை இடுக்குல நெல்லிக்காய் கணக்கா வீங்கியிருக்கு. எண்ணெய் தேய்ச்சு ஒத்தடம் குடுத்தோம், வத்தலை."

கை வைத்தேன். வீக்கம் நாடியோடு சேர்ந்து துடித்தது. "இனிமே தேய்க்கவே கூடாதும்மா" என்றேன்.

ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேனில் வீக்கத்துக்குள் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ரத்தம் சுழன்றது. இதயம் சுருங்கும்போது மெல்லிய வாய் வழியே உள்ளே பாய்ந்து, விரியும்போது திரும்பி வந்தது. இதுதான் சூடோ அனூரிசம். ஆஞ்சியோவுக்காகத் தொடைத் தமனியில் ஊசி குத்திய துளை மூடாததால் வெளியேறிய ரத்தம், சதைக்கு நடுவே பையாகத் தங்கிவிடுகிறது. அதைச் சுற்றி ரத்தக்குழாயின் சுவர் கிடையாது. அதனால்தான் வெடிக்கும் அபாயம்.

ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின் மேல் குழாய்: ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இல் எழுதிய இந்த முறையில்தான் இன்றும் ஆஞ்சியோ தொடங்குகிறது. முடிந்ததும் தமனியைத் தொடை எலும்பின் தலையோடு சேர்த்து அழுத்துவார்கள். ஊசி சற்றுக் கீழே இறங்கியிருந்தால் பின்னால் தாங்க எலும்பு இருக்காது. எவ்வளவு அழுத்தினாலும் துளை சரியாக அடைபடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்யலாம் என்று கனடாவின் கம்போ 1989இல் காட்டினார். அங்கே தமனி தோலுக்கு அடியிலேயே, எலும்பின் மேல் கிடப்பதால் அழுத்துவது எளிது. முடிந்தவர்களுக்கு அந்த வழிதான் நல்லது என்பது என் எண்ணம்.

தமனியும் சிரையும் ஒட்டித் துளை விழுந்திருந்தாலும், தமனி அடைத்திருந்தாலும் டாப்ளர் காட்டிவிடும். வெறும் ரத்தக்கட்டு என்றால் உள்ளே ஓட்டமே தெரியாது. வயிற்றின் பின்புறம் கசியும் ரத்தத்துக்கு மட்டும் சி.டி. வேண்டும்.

2 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பை பல நேரம் தானாகவே மூடிக்கொள்ளும். மறுபடி ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதும். பெரியவருடையது அதைவிடப் பெரிது. ஸ்கேனில் பார்த்தபடியே பைக்குள் த்ராம்பின் மருந்தை ஊசியால் செலுத்தினோம். சில நொடிகளில் ரத்தம் உறைந்து, திரையில் நிறங்கள் அணைந்தன. பாதத்தில் நாடி நன்றாக இருந்தது.

வீக்கம் துடித்தாலோ, நாளுக்கு நாள் வலி கூடினாலோ அன்றைக்கே டாப்ளர் பார்த்துவிடுங்கள். மளமளவென்று பெரிதானாலும், கால் சில்லிட்டு வெளுத்தாலும், தலைசுற்றலோடு முதுகோ அடிவயிறோ வலித்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் பீறிட்டால் ஆளைப் படுக்க வைத்து, வண்டி வரும்வரை அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்திருங்கள்.