மைதானத்துக்கும் ஒரு பின்கட்டு உண்டு

செட்டிநாட்டுக் கொத்தமங்கலத்துக்குப் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்காரருக்கு வேண்டப்பட்டவராக இருந்தால்தான் பின்கட்டு வரைக்கும் போகலாம். இன்றைக்கு உங்களை ஒரு பின்கட்டுக்குக் கூட்டிப்போகிறேன். வீட்டுக்கு இல்லை, கால்பந்து மைதானத்துக்கு! அதுவும் ஐப்பசியில், ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில். செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொள்ளுங்கள். புல் மேல் கால் வைப்பதற்கு முன்னால் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முகத்தை ஒருதரம் பாருங்கள். மழைக்கு மறுநாள் அவர் சொல்வதுதான் சட்டம்.

முதலில் ஒரு கணக்கு, தலை சுற்றட்டும். பெரிய போட்டிகளுக்கான மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,140 சதுர மீட்டர். அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் 71,400 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதில் ஆறு! 1 சென்டிமீட்டர் மழைக்கு நாம் குடைகூட எடுக்க மாட்டோம். 10 சென்டிமீட்டர் என்று செய்தியில் சொன்னால் அறுபது லாரி வரிசையில் வந்து நடு மைதானத்தில் கவிழ்த்துவிட்டுப் போனதாக அர்த்தம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழைக்குக் கீழே ஒரு கால்பந்து மைதானம் இருந்திருந்தால் கிட்டத்தட்ட 290 லாரி. ஐப்பசி ராத்திரியில் அண்ணனுக்கு ஏன் தூக்கம் வராது என்று இப்போது புரிகிறதா?

இந்தியாவின் மற்ற பல ஊர்களில் இந்தத் தொல்லை ஆடி, ஆவணியோடு முடிந்துவிடும். நமக்கு வாய்த்தது வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் வருட மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் இறங்குகிறது. கால்பந்து சீசனும் வழக்கமாக அதே மாதங்களில்தான் சூடு பிடிக்கும். யார் போட்ட அட்டவணையோ, வருணனைக் கேட்காமல் போட்டது.

சரி, குனிந்து புல்லைப் பாருங்கள். கிள்ளிப் பாருங்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பிள்ளையார்பட்டியில் பார்த்திருப்பீர்கள். அருகம்புல்! சூடான நாடுகளில் கால்பந்து மைதானத்துக்குப் போடுகிற ‘பெர்முடா கிராஸ்’ நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகுதான். 2017-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் போட்டிருந்ததும் அதில் ஒரு ரகம். ‘டிஃப்வே 419’ என்று இன்னொரு ரகம் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் ஒட்டுச் சேர்த்து 1960-இல் வெளியிட்டார்கள். அதற்கு விதையே கிடையாது. கணுவோடு பிய்த்து நட்டுத்தான் பரப்ப வேண்டும். வரப்பில் நம் தாத்தாக்கள் எதைப் பிடுங்கி எறிய முடியாமல் திட்டினார்களோ, அதைக் காசு கொடுத்து வாங்கி நடுகிறார்கள்.

கல்யாண வீட்டில் ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவார்களே, அந்த வேரோட்டம்தான் மைதானத்துக்கு மூலதனம். மேலே கொடி ஓடும், மண்ணுக்குள்ளே கிழங்கு மாதிரித் தண்டு ஓடும். பூட்ஸ் முள் கிழித்த இடத்தை இரண்டு பக்கமிருந்தும் தைத்துவிடும். ஆனால் அருகுக்கு ஒரு பலவீனம்: வெயில் வேண்டும். மேகம் மூடிய பத்து நாள் அதற்குப் பட்டினி. கோல் போஸ்ட் முன்னால் பிய்ந்தது பிய்ந்தபடியே கிடக்கும். வெயில் அடித்துவிட்டாலோ, அதுவே மைதானத்தின் மோட்டார். நல்ல வெயில் நாளில் புல் குடித்து ஆவியாக்குகிற தண்ணீர் 4, 5 மில்லிமீட்டர் வரும். மைதானம் முழுக்கக் கணக்குப் போட்டால் மூன்று லாரி. கரண்ட் பில் இல்லை, டீசல் இல்லை!

இப்போது அண்ணன் அசந்த நேரம் பார்த்துக் கோட்டோரம் படுத்து, கண்ணைத் தரையோடு வைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கால் தெரியாது. மைதானம் சமதளமே இல்லை. நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும், நூற்றுக்கு அரையிலிருந்து ஒன்று வரைக்கும் சரிவு. நடுவிலிருந்து பக்கக் கோடு 34 மீட்டர். அங்கே போய்ச் சேரும்போது 17 முதல் 34 சென்டிமீட்டர் இறங்கியிருப்பீர்கள். ஒரு அடிக்கு மேலேகூட! டிவியில் பார்க்கும்போது சத்தியமாகத் தெரியாது.

கீழே தோண்டினால் இன்னும் வேடிக்கை. நன்றாகக் கட்டிய மைதானத்தில் மேலே ஓர் அடி மணல், அதற்குக் கீழே ஜல்லி, ஜல்லிக்குள் துளை போட்ட குழாய்கள். ஜல்லி இருக்கிறதே, தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும் என்றுதானே நினைப்போம்? இறங்காது. துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுப் பாருங்கள்: மேல் பாதி காய்ந்த பிறகும் கீழ்க்கரை ஈரமாகவே சொட்டிக்கொண்டு நிற்கும். மணலும் அதே சேட்டைதான். பொடி இடுக்குகளில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடிப்பக்கம் நிரம்பி வழிந்தால்தான் ஜல்லிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வெயில் காலத்தில் புல்லுக்கு அந்தச் சேமிப்புதான் சோறு. மழைக்காலத்தில், ஓர் அடிக்குப் பதிலாக அரை அடி மணலைப் போட்டு மிச்சம் பிடித்திருந்தால், அந்த ஈரம் வேர் வரை ஏறி நிற்கும். சிக்கனம் பிடித்த கமிட்டிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதுவும் இங்கே சும்மா கிடைக்கிற மண் செம்மண். காய்ந்தால் கடப்பாரை இறங்காது. நனைந்தால் மேலே பொடி மண் படிந்து, மெழுகினாற்போல் அடைத்துக்கொள்ளும். அதன் மேல் நேராகப் புல் போட்டால் இரண்டு மழையில் குளம். ஜெர்சியில் ஏறுகிற சிவப்பு சபீனா போட்டாலும் போகாது என்பது வேறு கதை, வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று, தண்ணீரை எங்கே இறக்கி எங்கே அனுப்புவது என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஓட்டுக் கூரையில் விழுகிற மழை வளவு முற்றத்தில் இறங்கும், அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெரு வாய்க்காலுக்குப் போகும், அங்கிருந்து ஊருணிக்கு. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியபோது எல்லோரும் பளிங்கையும் தேக்கையும் பேசினார்கள். எனக்கென்னவோ அந்த வாய்க்கால் மட்டத்தைப் பார்த்தவருக்குத்தான் முதல் மாலை போட வேண்டும். மைதானத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி ஊருணிப் பக்கம் திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் நாம் பார்க்க வந்த கூத்து.

விடிகாலை. கோல் முன்னால் குட்டை. யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: ‘ரோலரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிடும்ணே.’ அண்ணன் அவரை அப்படியே பார்ப்பார் பாருங்கள்! ஈர மண்ணில் ரோலர் ஓட்டினால் மண்ணுக்குள் இருக்கிற காற்று வழியெல்லாம் நசுங்கிப்போகும். அடுத்த மழைக்கு இறங்க வழியே இருக்காது. செய்ய வேண்டியது நேர் எதிர்: குத்துவது. நாலு முள் உள்ள ஃபோர்க்கை எடுத்துக் காலால் அழுத்தி, நாலு விரற்கடைக்குக் கொஞ்சம் கூடுதலாக இறக்கி, லேசாக ஒரு ஆட்டு ஆட்டி உருவுவது. ஒரு சாண் தள்ளி அடுத்த குத்து. உருவும்போது ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் வரும், துளையில் குமிழி விட்டபடி குட்டை மெல்ல உள்ளே போகும். இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். இருபது குத்துக்கு மேல் நாமே குத்த ஆரம்பித்தால் அந்த ஆசை போய்விடும், இடுப்பு சொல்லிவிடும்.

தேங்கி நிற்கிற மேல்தண்ணீருக்குப் பழைய மெத்தை ஃபோம். வைத்து அமுக்கி, வாளியில் பிழிந்து, மறுபடி வைத்து அமுக்கி. மரத்தூளைக் கொட்டலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். அன்றைக்குக் காய்ந்த மாதிரித்தான் இருக்கும். அப்புறம் அந்தத் தூள் மட்கும்போது புல்லுக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தின்றுவிடும், நடுவில் ஒரு பாயாகப் படிந்து தண்ணீரையும் மறிக்கும். துடைப்பத்தால் தள்ளுவதற்கும் அனுமதி இல்லை, சேறு பரவி நல்ல இடத்தையும் அடைக்கும்.

இதற்கிடையில் பயிற்சியாளரின் போன்.

‘அண்ணே, ஒரு அரை மணி நேரம், பயலுகளை லேசா ஓட விட்டுக்கிறேன்ணே.’

‘தம்பி, அரை மணி நேரம் ஓடுனா அரை மாசம் புல்லு வராது. பக்கத்துல பொட்டல் இருக்குல்ல, அங்க ஓட விடுங்க.’

‘பசங்க பூட்ஸைக் கழட்டிட்டு ஓடுவாய்ங்கண்ணே!’

‘நீங்க வேணா கழட்டிட்டு வாங்க, ஃபோர்க் ஒண்ணு சும்மா கெடக்கு.’

போன் கட்.

பயிற்சியாளரைச் சமாளித்து விடலாம், ஆட்டைச் சமாளிக்க முடியாது. மழைக்குப் பின் துளிர்த்த இளம் அருகு ஆட்டுக்குப் பிரியாணி மாதிரி. கேட்டைச் சாத்தி வைத்தாலும் எந்தச் சந்திலோ ஒன்று நுழைந்துவிடும். அதைவிட நயவஞ்சகமான ஆள் கோரை. அருகு வெயிலில்லாமல் சோர்ந்து கிடக்கிற நேரம் பார்த்து, கிழங்கிலிருந்து பளபளவென்று எழும். தூரத்திலிருந்து பார்க்கிறவர், ‘அட, புல் நல்லா வந்திருக்கே!’ என்று பாராட்டிவிட்டுப் போவார். அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாலையில் போட்டி என்றால் நடுவர் வந்து பந்தை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பார், உருட்டிப் பார்ப்பார். எழும்பினால், உருண்டால் ஆட்டம் உண்டு. தண்ணீரில் ‘சொத்’தென்று உட்கார்ந்தால் இல்லை. அந்த இரண்டு நொடிக்குள் அண்ணனின் முழு நாளும் அடங்கியிருக்கிறது. அப்புறம் கோடு போட வேண்டும். மழைக்குச் சுண்ணாம்புப் பவுடர் நிற்காது, கண்ணில் பட்டால் ஆபத்து, புல்லையும் கருக்கும், பெயின்ட்தான் நல்லது.

கோடு என்றதும் சொல்லியே ஆக வேண்டிய கதை ஒன்று உண்டு. 1977 ஏப்ரல் 30, இங்கிலாந்தில் டெர்பி நகரத்து பேஸ்பால் கிரவுண்ட். அந்தக் காலத்தில் சேற்றுக்கே பெயர்போன மைதானம். டெர்பிக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் ஆட்டம். டெர்பிக்கு பெனால்டி கிடைத்தது. பந்தை எங்கே வைப்பது? பெனால்டி புள்ளியையே காணோம்! சேறு தின்றுவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி வைத்து, மைதானப் பராமரிப்பாளர் பெயின்ட் வாளியோடு உள்ளே வந்தார். டேப்பைப் பிடித்து 12 கஜம் அளந்து, புதுசாக ஒரு புள்ளி வைத்தார். பெனால்டி கோலானது, டெர்பி 4-0 என்று ஜெயித்தது. உலகத்திலேயே கைதட்டலோடு பெயின்ட் அடித்தவர் அவராகத்தான் இருப்பார்.

1977 என்ன ராசியோ, அதே வருஷம் செப்டம்பர் 24-இல் பெலே கல்கத்தாவுக்கு வந்தார். ஈடன் கார்டன்ஸில் நியூயார்க் காஸ்மாஸுக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம், மைதானம் மழையில் ஊறிக் கிடந்தது. உலகத்தின் விலை உயர்ந்த கால்களை அந்தச் சேற்றில் இறக்குவதா என்று ஒரே பதற்றம். பெலே ஆடினார், 2-2 சமன்.

நம் ஊர்க் கதை இன்னும் பெரிசு. சென்னை நேரு ஸ்டேடியம்தான் சென்னையின் எஃப்சியின் சொந்த வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மூழ்கியபோது, கொல்கத்தாவுக்கு எதிரான ஐ.எஸ்.எல். அரையிறுதியின் முதல் ஆட்டத்தை அங்கே நடத்த வழியில்லாமல் புனேவுக்கு மாற்றினார்கள். சொந்த மண்ணில் ஆட வேண்டிய ஆட்டம் அந்நிய ஊரில்! ஆனாலும் 3-0. இரண்டாம் ஆட்டத்தில் 2-1 என்று தோற்றும் மொத்தக் கோலில் முந்தி, டிசம்பர் 20-இல் கோவாவில் கோவாவையே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தக் கடைசி நிமிடங்களைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

குளிர் நாட்டுக்காரர்களுக்கு வசதி அதிகம், புல்லுக்கு மேலே சக்கரம் வைத்த விளக்குகளை நகர்த்தி நகர்த்தி வெளிச்சம் காட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. 1958-இல் லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கிளப், தன் குடிசன் பார்க் மைதானத்துக்கு அடியில் 20 மைல் மின்கம்பி புதைத்து மண்ணைச் சூடாக்கியது. பனி உறைவுக்கு முடிவு கட்டியாகிவிட்டது என்று ஒரே குஷி. கம்பி நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. பனி உருகிய தண்ணீரை வடிகால் தாங்கவில்லை! 1960-இல் மைதானத்தை மறுபடி போட வேண்டியதாயிற்று. எங்கே சுற்றினாலும் கதை வாய்க்காலில்தான் வந்து நிற்கிறது.

மார்கழியில் மழை விட்டால் பனி பிடித்துக்கொள்ளும். இலை ராத்திரி முழுக்க நனைந்தே கிடந்தால் பூஞ்சாணம் வரும். அதற்காக விடியும் முன்னே இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு நடப்பார்கள், பனித்துளி உதிரட்டும் என்று. பக்கத்துக் கோவிலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு என்ன வேண்டுதலோ என்று தோன்றும்.

தை பிறந்து வெயில் ஏறியதும் மணல். குத்திய துளைகளை நிரப்பி, மேடு பள்ளத்தைச் சமமாக்க, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மெல்லிசாகத் தூவ வேண்டும். மெல்லிசு என்று சொல்லிவிட்டேனே தவிர, மைதானம் முழுக்கப் போட்டால் பன்னிரண்டரை யூனிட் வரும். எம்-சாண்ட் வேண்டாம், அதிலுள்ள தூசி துளையை அடைக்கும். அலசிய, உருண்டையான நடுத்தர மணல் வேண்டும். ஆற்று மணல் கிடைக்கிற நிலைமை உங்களுக்கே தெரியும். அண்ணன் மணல்காரருக்குப் போன் போடுவார்.

‘பன்னிரண்டரை யூனிட்டா! எங்கண்ணே கட்டுறீக, எத்தனை மாடி?’

‘மாடியெல்லாம் இல்லப்பா. புல்லுக்கு மேல தூவ.’

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, யூனிட்டுக்கு ஐந்நூறு ரூபாய் ஏற்றிச் சொல்வார்.