நமுனுகுல: ஒரு பெயர், மூன்று இடங்கள்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பசறைக்கும் எல்லவுக்கும் இடையில் எழும் மலைத்தொடரின் பெயர் நமுனுகுல. ஒன்பது முடிகள் கொண்டதென்று சொல்லப்படும் இதன் உச்சி 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அடிவாரக் கடைவீதிக்கும் தோட்டங்களுக்கும் மலையின் பெயரே வாய்த்தது. 1992இல் அரசுத் தோட்டங்கள் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோது அந்தப் பெயர் மலையைவிட்டே இறங்கியது: நமுனுகுல பெருந்தோட்டக் கம்பனிக்குத் தென்மேற்குத் தாழ்நிலத்திலும் இறப்பர்த் தோட்டங்கள் உண்டு.

யூலை முதல் செப்டெம்பர் வரை நமுனுகுல மலையில் நின்று பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக ஊவாவுக்குள் இறங்கும். தேயிலைச் செடியின் வளர்ச்சி தணியும். கொழுந்தில் மணம் செறியும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலை பெயர் பெற்றது இந்தச் சில வாரங்களால்தான். அந்தக் காற்றிலும் வெயிலிலும் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளையும் அந்தப் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து முதலில் கோப்பிக்கும், 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். காட்டை வெட்டி, மலையை நிரைநிரையாகத் திருத்தியவர்களின் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழும் பிள்ளைகள் மட்டும் "எந்த ஊர்?" என்று கேட்டால், தயங்காமல் மலையின் பெயரைச் சொல்கிறார்கள்.