மறுக்கத்தக்க அநுமானமும் மருத்துவத் தீர்மானமும்

கணிதத்தில் ஒருமுறை நிறுவப்பெற்ற முடிவு, பின்னர் எத்தனை செய்திகள் சேர்ந்தாலும் மாறுவதில்லை. மருத்துவத்தின் நிலை வேறு. நேற்று நியாயமாகக் கொண்ட முடிவு, இன்று கிடைத்த ஒரு செய்தியால் நியாயமாகவே வீழலாம். இத்தகைய அநுமானத்தை மறுக்கத்தக்க அநுமானம் எனலாம்.

மலேரியாவையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சலுற்ற ஒருவரின் இரத்தத்தைத் துரிதப் பரிசோதனைப் பட்டையில் இட்டபோது பால்சிபாரத்திற்குரிய கோடு தோன்றுகிறது. "ஆகவே இவருக்குப் பால்சிபாரம் மலேரியா" என்பது முதல் வாதம். ஆனால், இக்கோடு காட்டுவது கிருமியை அன்று. அது வெளியிடும் எச்.ஆர்.பி. 2 என்னும் புரதத்தையே. கிருமி மடிந்த பின்னும் இப்புரதம் சில வாரங்கள் இரத்தத்தில் தங்கக்கூடும். நோயாளி 20 நாட்களுக்கு முன் மலேரியாவுக்கு மருந்துண்டவர் எனத் தெரியவந்தால் முதல் வாதம் தளர்கிறது. அவருக்கு நோயில்லை என்று இச்செய்தி நிறுவவில்லை. கோட்டை நம்பி முடிவு கூறும் உரிமையை மட்டுமே நீக்குகிறது. எதிர் முடிவைத் தரும் மறுப்பு வேறு, காரணத்திற்கும் முடிவிற்கும் உள்ள பிணைப்பை அறுக்கும் மறுப்பு வேறு என்பதை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் பொல்லாக் 1987-ல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். (முன்னதற்கு ஒப்பானதை நம் நியாய நூலார் சற்பிரதிபட்சம் என்பர்.)

அடுத்து ஊழியர் பழைய சிகிச்சை அட்டையைப் பார்க்கிறார். அன்று இரத்தத் தடவலில் கண்டது வைவாக்ஸ் மட்டுமே. எச்.ஆர்.பி. 2 பால்சிபாரத்திற்கே உரியதாகையால், "பழைய நோயின் எச்சம்" என்ற மறுப்பு வீழ்கிறது. முதல் வாதம் மீண்டும் நிலைபெறுகிறது. அன்று தடவலைப் பார்த்தவர் கலப்பு நோயைக் காணத் தவறியிருந்தால் இதுவும் நில்லாது. தன்னைத் தாக்கும் ஒவ்வொரு வாதத்திற்கும் எதிர்த்தாக்குதல் கிடைக்கும் வாதமே ஏற்கத்தக்கது என்று 1995-ல் பான் மின் துங் இதற்குக் கணித வடிவம் தந்தார். லண்டனில் ஜான் பாக்ஸ் முதலியோர், சிகிச்சைக்குச் சார்பான, எதிரான வாதங்களைக் கணிப்பொறி தொகுத்து மருத்துவருக்குக் காட்டும் முறைகளை வகுத்தனர்.

இம்முறைக்கு ஓர் அபாயமும் உண்டு. வைவாக்ஸ் நோயாளிக்கு 14 நாள் பிரைமாகுவின் தருதல் பொது விதி. கர்ப்பம் இதற்குத் தடை, ஜி-6-பி.டி. நொதிக் குறைபாடுள்ளவருக்கு நாள்தோறும் தரின் சிவப்பணுக்கள் சிதையும். எவரும் வினவாவிடில் இத்தடைகள் வாதமாக எழுவதேயில்லை, பொது விதி தடையின்றி வெல்கிறது, மாத்திரையும் வழங்கப்பட்டுவிடுகிறது. நொதிக் குறைபாடு உள்ளவரிடத்தில், சில நாட்களில் சிறுநீர் கருத்துப்போவதே அப்போது முதல் எதிர்வாதமாக வருகிறது.