இரண்டு முக்கோணமும் ஒரு படகும்

நவம்பர் மாதம் வந்தால் பினாங்குக் கடலில் பந்தயப் பாய்கள் தெரியும். 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி, கிள்ளான் துறைமுகத்தில் புறப்பட்டு பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடிகிறது. டத்தோ கிராமாட்டில் வளர்ந்த எனக்கு அது நெடுநாளாக வெறும் வேடிக்கைதான். மூன்றாம் படிவம் படிக்கும் தம்பி ஒருநாள், "கணக்கில் 2/3 என்று ஓர் அடுக்கு வருகிறதே, அது எதற்குத்தான் உதவும் அக்கா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் அந்தப் படகுகளில் இருந்தது.

இத்தகைய போட்டிகளுக்கு வரும் படகுகளில் பல இரட்டை வேடம் போடுபவை. பந்தயமும் ஓட வேண்டும். உள்ளே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கவும் வேண்டும். பந்தயம் லேசான உடலையும் பெரிய பாயையும் கேட்கும். பயணமோ தண்ணீர்க் கலன், அடுப்பு, மெத்தை என்று எடையை ஏற்றும்.

ஜே 24 என்ற சிறு படகை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான ராட் ஜான்ஸ்டன் தம் வீட்டுக் கார் கொட்டகையில் முதல் படகைக் கட்டினார். 1977இல் விற்பனைக்கு வந்த இந்த வகையில் இதுவரை 5,000க்கும் மேற்பட்ட படகுகள் உருவாகியுள்ளன. நீளம் 7.32 மீட்டர்தான். ஆனாலும் உள்ளே நால்வர் படுக்கலாம்.

அதன் பாய்களை நான்கே அளவுகள் சொல்லிவிடும். பெரிய பாய் பாய்மரத்தை ஒட்டி 8.53 மீட்டர் உயரம். கீழே பூம் என்னும் கம்பை ஒட்டி 2.97 மீட்டர். முன்பக்க முக்கோணம் 8 மீட்டர் உயரம், 2.90 மீட்டர் அடி. அடியையும் உயரத்தையும் பெருக்கிப் பாதியாக்குங்கள். 12.7, 11.6. மொத்தம் 24.3 சதுர மீட்டர்.

இதை அப்படியே எடையால் வகுக்க முடியாது. ஒரு படகை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் பாயின் பரப்பு 4 மடங்காகும். எடையோ 8 மடங்காகிவிடும். நேராக வகுத்தால் பெரிய படகுகள் எல்லாம் சோம்பேறிகளாகத் தெரியும். இங்கேதான் தம்பியின் அடுக்கு வருகிறது. 8இன் 2/3 அடுக்கு 4. எடைக்கு அந்த அடுக்கைப் போட்டுவிட்டால் சின்னதையும் பெரியதையும் ஒரே தராசில் நிறுத்தலாம்.

ஜே 24இன் எடை 1,406 கிலோ. அது ஒதுக்கும் கடல்நீர் சுமார் 1.37 கன மீட்டர். அதன் 2/3 அடுக்கு 1.235. வகுத்தால் 19.7. பொதுவாக 16க்குக் கீழே என்றால் நிதானமான பயணப் படகு, 20க்கு மேலே என்றால் பந்தயப் படகு என்பார்கள். இப்போது நான்கு பேர், தண்ணீர், பைகள், சாப்பாடு என 400 கிலோ ஏற்றுங்கள். அதே படகு 16.7க்கு இறங்கிவிடும்! பந்தயத்திலும் ஆள் ஏறத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் காற்று வரும் பக்கம் உட்கார்ந்து படகு சாயாமல் பிடிப்பார்கள். தண்ணீர்க் கலன் அப்படி எழுந்து இடம் மாறாது.

மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெல்லியது. இங்கே அந்த எண் கூடுதலாக இருப்பது லாபம். தென்கடலுக்குப் போகிறவர்களின் கவலை வேறு. புதுச்சேரியைச் சேர்ந்த இந்தியக் கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவுடன் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார். 'பாய்மரம் நமக்கெல்லாம் எதற்கு' என்று நம் வீடுகளில் சொல்லும்போது நான் இவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தாரிணியின் நீளம் 17 மீட்டர். ஜே 24ஐ அதே விகிதத்தில் 17 மீட்டருக்கு வளர்த்தால் எடை 17.6 டன் வரும். தாரிணியோ 23 டன். அந்த வித்தியாசத்தில் வேகம் கொஞ்சம் போகிறது. பதிலுக்கு, மாதக்கணக்கில் சுமக்க வேண்டிய உணவுக்கும் கருவிகளுக்கும் இடமும், கேப் ஹார்ன் அலைகளைத் தாங்கும் உறுதியும் கிடைக்கின்றன.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கால்குலேட்டரில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, "பாயின் ஓரம் வளைந்திருக்கிறதே, அதை ஏன் முக்கோணமாகக் கணக்குப் போடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறான்.