முத்திரை மாறிய ஓலை

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்; படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது நம்மவர் பழமொழி. இவ்விருவரோடு மூன்றாமவன் ஒருவனும் உளன். ஏட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அது பத்திரமாக இருக்கிறது என்று நம்பி உறங்குபவன் அவன். சில மாதங்களுக்கு முன்வரை அந்த மூன்றாமவனாக நானே இருந்தேன்.

கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலத்தில் உள்ளது எங்கள் பெரியகல்லாறு. இத்தகைய ஊரில் எழுத்துக்குப் பகை பல. உப்புக் காற்றும் கறையானும் என்றும் உள்ளவை. 1978ஆம் ஆண்டு நவம்பரில் சூறாவளி வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. எங்கள் பகுதித் தாய்மார் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, ஊஞ்சற் பாடல்களை எழுதிவைத்திருந்த என் கொப்பிகள் அவ்வலையோடு போயின. எஞ்சிய முதியோரிடம் மீண்டுங் கேட்டு எழுதி, பின்னர் வாசிகசாலைக்குக் கிடைத்த கணினி ஒன்றில் அவற்றைத் தட்டச்சிட்டோம். அம்முதியோருட் பெரும்பாலார் இன்று இல்லை. இரண்டாம் முறை எழுதிய கொப்பிகளையும் கறையான் தின்றது. ஆகவே, பாடல்கள் அந்த ஒரு பெட்டியினுள்ளே மட்டும் இருந்தன. அதனைக் காவல் என்றே நான் எண்ணினேன்.

அக்கணினியை இயக்குவது விண்டோஸ் 7. இத்தகைய அடிப்படை மென்பொருளை எங்கள் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்னும். தமிழகத்தார் இயங்குதளம் என்பர். 2009 ஒக்டோபரில் வெளிவந்த இதற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை அளித்தது. கட்டணம் செலுத்திய நிறுவனங்களுக்கு மேலும் மூன்றாண்டு கிடைத்தன. அதன்பின் இல்லை.

பாதுகாப்புப் புதுப்பிப்பு என்பது யாது? கதவில் வெடிப்புக் கண்ட தச்சன், அதனை அடைக்க அனுப்பும் பலகைத் துண்டு எனலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பலகை வந்ததும், வெடிப்பு எங்கேயுள்ளது என்பதைக் கள்வனும் அறிந்துகொள்கிறான். 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் ஒரு வெடிப்புக்கு அடைப்பு வெளியிடப்பட்டது. இரண்டு மாதங்கூட நிறையுமுன், மே 12 அன்று, வன்னகிரை என்னும் தீநிரல் அதே வெடிப்பின் வழியே புகுந்து ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அகப்பட்டவற்றுட் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். பலகை வந்திருந்தது, பொருத்துவார் இலர்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். ஊர் இளைஞர் ஒரு விழாவுக்கு ஊஞ்சற் பாடல்களைக் கேட்டனர். நெடுநாள் மூடிக் கிடந்த கணினியைத் திறந்து இணையத்தோடு இணைத்தோம். புதுப்பிப்பை நாடியபோதெல்லாம் ‘80072இஎஃப்இ’ என்னும் பிழைக்குறி தோன்றிற்று. மேலே ஒன்றும் நடக்கவில்லை. கல்முனையில் கணினி திருத்தும் தொழில் செய்யும் என் பழைய மாணவனை அழைத்தேன்.

அவன் வந்ததும் கணினியைத் தொடவில்லை. “சேர், இதில உள்ள பாட்டெல்லாம் வேற எங்கயாவது இருக்கா?” என்று கேட்டான்.

“இல்லைத் தம்பி. முதலில் இதைத் திருத்து. பிறகு படியெடுக்கலாம்.”

“இல்ல சேர். முதல்ல எடுப்பம், பிறகு திருத்துவம்.”

நான் பல ஆண்டு அவனுக்குப் பாடம் சொன்னவன். அன்று அவன் எனக்குச் சொன்னான். புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் நின்றாலோ, தேய்ந்த வட்டு இடையில் ஓய்ந்தாலோ, திருத்தம் எதற்காகவோ அதுவே அழிந்துவிடும் என்றான். இரண்டு பென் டிரைவ்களில் அனைத்தையும் எடுத்தான்.

எடுத்தவற்றைத் தன் கணினியில் திறந்தபோது வேறொரு தடை தோன்றிற்று. தாலாட்டுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் நிரைகெட்டு நின்றன. நாங்கள் தட்டச்சிட்டது பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவை அமர்த்தும் முறை அது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்துவிடும். தமிழ் எழுத்துக்களுக்குத் தனி இருக்கை வகுத்த யூனிகோட் முறை 1991ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. நாங்கள்தான் அதனைக் கைக்கொள்ளவில்லை. மாற்றி ஒன்றினால் யூனிகோடாக்கி, வரிக்கு வரி பழைய திரையோடு ஒப்புநோக்கினோம். கொம்பும் காலும் இடம் மாறிய சொற்கள் சில அகப்பட்டன.

அதன் பின்னரே திருத்தம் தொடங்கியது. முதலிற் கண்ட குறை சிறிது. “மணிக்கூட்டைப் பாருங்க சேர்” என்றான். கணினி 2009 ஜனவரி முதலாந் திகதியைக் காட்டிற்று. உள்ளே காசு வடிவில் இருக்கும் பற்றரி செத்துவிட்டமையால், மின்சாரம் நின்றதும் காலத்தை மறந்திருந்தது. இணையத்தில் ஒரு நிலையம் தன் உண்மையை நாட்டக் காட்டும் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. 2009இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறவாத நாளின் ஓலை. ஆதலால் அது மறுக்கும். புதிய பற்றரி இட்டு, நாளைச் சரிசெய்தோம். ஆயினும் பிழைக்குறி நீங்கவில்லை.

இரண்டாவது குறை ஆழமானது. காவிரிப்பூம்பட்டினத் துறையில் பண்டங்களின்மேற் புலிமுத்திரை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலையில் படித்திருக்கிறோம். கணினிக்கு வரும் புதுப்பிப்பும் அவ்வாறே முத்திரையோடு வரும். அம்முத்திரைக்கு ஆதாரமாக ஒரு சுருக்கக் குறி உண்டு. கோப்பு முழுவதையும் கணக்கிட்டு, ஷா-1 என்னும் முறையில் நாற்பது எழுத்தளவான குறியாக்குவர். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் குறி முற்றும் வேறாகும். பனையோலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதிய ஏடுகளால் எத்தனை பாடபேதங்கள் தோன்றின என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். அவர்களுக்கு இப்படியொரு குறி கிடைத்திருந்தால், படியெடுத்தவன் எழுத்தொன்றை மாற்றியதும் புலப்பட்டிருக்கும்.

ஆனால் 2017 பெப்ரவரியில் கூகிள் நிறுவனத்தாரும் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கணித ஆய்வுநிலையத்தாரும் சேர்ந்து, ஒரே ஷா-1 குறியுடைய இருவேறு கோப்புகளை ஆக்கிக் காட்டினர். கள்ள முத்திரை இயலும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. மைக்ரோசொப்ட் வலிமை மிக்க ஷா-2 முறைக்கு மாறியது; 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் விண்டோஸ் 7இன் புதுப்பிப்புகளும் புதிய முத்திரையோடு மட்டும் வரலாயின. எங்கள் கணினியோ பழைய முத்திரையை மட்டும் அறிந்த வாயிற்காவலன். அரசனின் உண்மை ஓலையையே அவன் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.

இதற்கு வழி, காவலனுக்குப் புதிய முத்திரையைக் கற்பிப்பதே. 2019 மார்ச்சில் வந்த இரண்டு பொதிகள் அதற்கென உள்ளன. கேபி 4490628 என்பது புதுப்பிப்பைப் பொருத்தும் கருவியையே புதுப்பிப்பது. கேபி 4474419 என்பது ஷா-2 முத்திரையை அறியச் செய்வது. இவற்றுக்கு முன், 2011இல் வந்த முதலாம் சேவைப்பொதி இருத்தல் வேண்டும். மாணவன் இவற்றை வேறொரு கணினியில் மைக்ரோசொப்டின் பட்டியலிலிருந்து இறக்கி, பென் டிரைவில் கொணர்ந்து, முறைப்படி ஒவ்வொன்றாகப் பொருத்தி, கணினியை மீளத் தொடக்கினான். அதன்பின் புதுப்பிப்புகள் வரத் தொடங்கின. பொழுது சாயும்வரை வந்தன. இறுதியாக வந்தவற்றின் நாள் 2020 ஜனவரி.

நான் மகிழ்ந்தேன். மாணவன் மகிழவில்லை. “சேர், கதவு பூட்டினது உண்மைதான், ஆனா இது 2020ஆம் ஆண்டுப் பூட்டு” என்றான். அதன்பின் கண்ட வெடிப்புகளுக்கு எங்களிடம் பலகை இல்லை. அன்றே அக்கணினியின் இணையத் தொடர்பை நீக்கினோம். இன்று அது தட்டச்சு மேசை மட்டுமே.

வாசிகசாலைக்கு மட்டுமே உரிய இடர் இஃது என்று எண்ணவேண்டா. 2023ஆம் ஆண்டு ஓகஸ்டில் இலங்கை அரசின் முகிற்கணினிச் சேவையைப் பணயத் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ ஐயாயிரம் அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் அழிந்தன. அங்கு இருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் அஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. 2021 முதல் அதனை மாற்றத் திட்டமிட்டும், நிதிக் குறைவு முதலியவற்றால் அது தள்ளிப்போயிற்று. இணைந்திருந்த காப்புப் படிகளையும் தீநிரல் விட்டுவைக்கவில்லை. ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் வைத்த இரண்டு ஏடுகள், அவ்வீடு எரியும்போது இரண்டும் எரியும்.

2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10இற்கும் வழமையான ஆதரவு முடிவுற்றது. பள்ளிகளிலும் சங்கங்களிலும் உள்ள கணினிகள் பல இனி இந்நிலையை அடையும். புதியது வாங்க இயலாதார், பழைய கணினியிலும் இயங்கும் லினக்ஸ் வகை ஒன்றினைக் கட்டணமின்றிப் பெறலாம். எதைக் கொள்ளினும், திருத்துமுன் படியெடுக்க வேண்டும்.

நம் பண்டை நூல்கள் பனையோலையின் வலிமையால் வாழவில்லை. ஓலை செல்லரிக்குமுன் வேறோர் ஓலையில் எழுதிவைத்த கைகளால் வாழ்ந்தன. அவ்வாறு எழுதுவார் இல்லாத நூல்கள் பெயரளவில் எஞ்சின. என் தலைமுறை அந்தக் கடமையைக் கணினியிடம் ஒப்படைத்துவிட்டதாக மயங்கியது. கணினியும் ஓர் ஓலையே. அதன் வாழ்நாள் பனையோலையினுங் குறுகியது.

எங்கள் பாடல்கள் இப்பொழுது ஒரு பென் டிரைவில் வாசிகசாலையிலும், மற்றொன்றில் கல்முனையில் மாணவன் வீட்டிலும், தாளில் அச்சிட்டு என் அலுமாரியிலும் உள்ளன. ஆண்டுக்கொருமுறை தைப்பொங்கல் விடுமுறையில் மூன்றையும் திறந்து ஒப்புநோக்குவதென முடிவுசெய்துள்ளோம். ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் தத்தம் பள்ளிப் பெட்டிகளில் ஒரே படியாகக் கிடப்பது எது என்று இவ்வாரம் பார்ப்பார்களாக. என் நல்லூழால் மின்சாரம் அன்று நிற்கவில்லை.