புற்றுநோய் அசதியும் விரல் அழுத்தமும்

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் முதியவர்கள் பலரை வலிக்கு நிகராக வாட்டுவது அசதி. தூங்கி எழுந்தாலும் தீராது. செய்த வேலைக்கும் வந்த களைப்புக்கும் சம்பந்தமே இருக்காது. குளித்துவிட்டு வந்தவர் வேட்டியைக் கட்டி முடிப்பதற்குள் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். நாலு வாய்ச் சோற்றை மென்று விழுங்குவதே பெரிய வேலையாகிவிடும். கீமோவிலும் வரும், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும்போதும் வரும். சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் விடாது. வீட்டார் 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவதால் இது பெரும்பாலும் டாக்டர் காதுக்கே போவதில்லை. போக வேண்டும், இதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய ஒரு தொல்லைதான்.

ஸ்ரீமுஷ்ணம் போன்ற சிறு ஊர்களில் பயணம் வேறு சேர்ந்துகொள்கிறது. புற்றுநோய்க்கு முழுச் சிகிச்சை வேண்டுமென்றால் புதுச்சேரி ஜிப்மருக்கோ, முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையத்துக்கோதான் பலரும் போகிறார்கள். விடியுமுன் கிளம்பி, பஸ் மாறி, வரிசையில் காத்திருந்து, மருந்து ஏற்றிக்கொண்டு இரவில் திரும்பும் எழுபது வயதுக்காரருக்கு அடுத்த சில நாள் படுக்கைதான். அசதிக்கென்று இன்னொரு முறை அலையச் சொல்வது நியாயமில்லை. வீட்டிலேயே, செலவில்லாமல், சொந்த விரலாலோ மகள் விரலாலோ செய்யக்கூடியது என்பதால்தான் விரலால் அழுத்தும் அக்குபிரஷர் முறை இவர்களுக்குப் பொருந்தி வருகிறது.

சீன மருத்துவத்திலிருந்து வந்த முறை இது. அக்குபங்சரில் ஊசி குத்தும் அதே புள்ளிகளை இதில் விரலால் அழுத்துகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சுசானா சிக் குழுவினர் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, புற்றுநோய் அசதியில் இதன் பலனைப் பெரிய அளவில் சோதித்தது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆன, இன்னும் அசதி தீராத பெண்களுக்குப் புள்ளிகளைக் கற்றுக்கொடுத்து, தினமும் தாங்களே ஆறு வாரம் அழுத்தச் சொன்னார்கள். முடிவில் அழுத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அசதி இயல்பு அளவுக்கு இறங்கியிருந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அப்படி. உடலைத் தளர்த்தும் புள்ளிகள், ஊக்கும் புள்ளிகள் என இரண்டு வகையாகக் கொடுத்திருந்தும் அசதி இரண்டிலும் ஒன்றுபோலவே குறைந்தது; தூக்கம் மேம்பட்டது தளர்த்தும் வகையில்தான். ஆகவே எந்தப் புள்ளி என்பது மட்டுமல்லாமல், தினமும் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்து தன் உடலைத் தானே கவனித்துக்கொள்வதற்கும் இதில் பங்கு இருக்கலாம். அதனால் பலன் பொய்யாகிவிடாது.

தளர்த்தும் புள்ளிகளில் மூன்றைக் கண்டுபிடிப்பது எளிது. முதலாவது, இரு புருவங்களுக்கு நடுவே பொட்டு வைக்கும் இடம். அடுத்தது உள்ளங்கைப் பக்க மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் ஓரத்தில் தட்டுப்படும் சிறு குழி. மூன்றாவது உள் கணுக்கால் முட்டுக்கு நான்கு விரல் அகலம் மேலே, கால் எலும்பின் பின்விளிம்பை ஒட்டியது. ஊக்கும் வகையில் முக்கியமானது முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம் தள்ளி, எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் இருப்பது. ஒவ்வொன்றையும் மூன்று நிமிடம், லேசாக அமுங்கும் உணர்வு வரும்வரை அழுத்தினால் போதும். நகம் பதியக் கூடாது, வலிக்கக் கூடாது. குனிய முடியாதவருக்குக் கால் புள்ளிகளை வேறொருவர் அழுத்திவிடலாம்.

வயதானவர்களுக்கு எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். கீமோவில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ சிறு அழுத்தத்திலேயே தோல் கன்றிப்போகும். புற்று எலும்புக்குப் பரவியிருந்தால் அந்த இடத்தில் அழுத்தவே கூடாது. கரண்ட் வைத்துக் கருகிய தோல், மருந்து ஏற்றக் குழாய் பொருத்திய இடம், அறுவைக்குப் பின் வீங்கிய கை, திடீரென வீங்கி வலிக்கும் கால் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். பாதம் மரத்துப்போனவருக்கு அழுத்தம் எவ்வளவு என்பதே தெரியாது. அங்கே கை வைக்காமலிருப்பது நல்லது.

அழுத்தத் தொடங்கும் முன், அசதிக்குக் காரணமாகும் ரத்தசோகை, தைராய்டு குறைவு, தீராத வலி, தூக்கமின்மை, மனச்சோர்வு இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்து கிடப்பவருக்கு எந்தப் புள்ளியும் உதவாது. அசதியைக் குறைக்கும் வழிகளில், சான்றில் முன்னால் நிற்பது உடற்பயிற்சி. அசதியாக இருப்பவரை நடக்கச் சொல்வது முரணாகப் படலாம், ஆனால் தெருமுனை வரை தினமும் போய்வருவது கட்டிலில் கிடப்பதைவிட நல்லது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கங்களின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி, உடற்பயிற்சியை முதன்மையாகச் சொல்லிவிட்டு, சிகிச்சை முடித்தவர்களுக்கு யோகாவோடு அக்குபிரஷரையும் தரலாம் என்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் வீட்டுக்கே ஆட்கள் வருகிறார்கள். அசதியைப் பற்றி முதலில் அவர்களிடமே சொல்லலாம். புள்ளிகளைத் தொட்டே புற்றுநோயைக் குணப்படுத்துகிறேன், கீமோவை நிறுத்துங்கள் என்பவரிடம் மட்டும் போகக் கூடாது. அந்தப் பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை, இழப்பு உயிராகவே இருக்கலாம். அக்குபிரஷர் செய்துவரும்போது அசதி திடீரென்று கூடினாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ குழப்பமான பேச்சோ சேர்ந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.